அஷேம்டு எங்கே போனது?

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. இத்தனை வருடம் கழித்தும் 'அஷேம்டு' என்ற சொல் வந்தால் கை நின்றுவிடும். காரணம் ஒரு செவ்வாய்க்கிழமை.

2019 செப்டம்பரில் இங்கிலாந்து திருச்சபையின் மூத்த குருவான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அமிர்தசரஸ் வந்தார். ஜாலியன்வாலா பாக் நினைவிடத்தில், அங்கே நடந்த குற்றத்துக்காக 'அஷேம்டு', 'சாரி' என்று இரண்டு சொற்களையும் சொன்னார். பக்கம் முடிக்கும் நேரம். 'பேராயர் வருத்தம் தெரிவித்தார்' என்று அடித்து அனுப்பினேன். மூத்த உதவி ஆசிரியர் என் மேசைக்கே வந்துவிட்டார். "சாரி இருக்கு. அஷேம்டு எங்கப்பா?"

அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டன் பிரதமர் தெரசா மே அந்தப் படுகொலையை 'ஷேம்ஃபுல்' வடு என்று நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார். 2013-இல் அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் நினைவிடத்தின் வருகைப் பதிவேட்டில் எழுதியதும் 'டீப்லி ஷேம்ஃபுல்' என்றுதான். நடந்த காரியம் வெட்கக்கேடானது, அவ்வளவே. வெட்கப்படுவது யார் என்று அதில் இல்லை. அஷேம்டு அப்படி விடாது, ஆளைக் கேட்கும். பேராயர் 'நான்' என்று சொன்னதை நான் அழித்திருக்கிறேன்.

சரி, தமிழில் என்ன போடுவது? 'வெட்கப்படுகிறேன்' என்றால் மணப்பெண் வந்து நிற்கிறாள். கூச்சம், சங்கடம் எல்லாம் 'எம்பாரஸ்டு' வகை, நாலு பேர் முன்னால் சட்டையில் காபி கொட்டினால் வருவது. அவமானம் பெரும்பாலும் பிறர் நமக்குச் செய்வது. இந்தச் சிக்கலை வள்ளுவரே பார்த்திருக்கிறார். செய்த செயலுக்காக நாணுவதுதான் நாண், பெண்களின் நாணம் வேறு என்று நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே பிரித்துவிடுகிறார். ஐந்தாம் குறள் இன்னும் மேலே போகிறது:

பிறர்பழியும் தம்பழியும் நாணுவார் நாணுக்கு
உறைபதி என்னும் உலகு.

1919-இல் சுட்டது வெல்பி அல்ல. அவர் அப்போது பிறக்கவே இல்லை. பிறர் பழிக்குத்தான் நாணினார்.

ஆனால் 'நாணுகிறேன்' நாளிதழில் ஒட்டாது. கடைசியில் 'வெட்கித் தலைகுனிகிறேன்' என்று மாற்றினோம். மேடைகளில் தேய்ந்துபோன தொடர்தான், எனக்கு அரை மனசு. அப்புறம் படம் வந்தது. நினைவிடத்தின் முன்னால் பேராயர் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார். தலைகுனிகிறேன் என்பது அதற்குக் குறைவாகவே பட்டது. இருந்தாலும் படத்தின் கீழே அந்த வரியையே வைத்து அனுப்பினோம்.