மேல் வீட்டு அக்காவின் ஜெபம்

எங்கள் சந்தில் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். எங்கள் எண் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே சுவரை ஒட்டி ஓர் இரும்பு ஏணி மேலே போகும். மேலே அக்காவின் குடும்பம். ஒரே அறை, நான்கு பேர்.

தாராவிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மும்பையின் தாராவிக் குடிசைகளை இடித்துவிட்டுப் புதிய வீடுகள் கட்டும் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் இந்தக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குக் காகிதம் இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. வெளியே என்றால் எங்கே? ஒருவர் முலுண்ட் என்பார், இன்னொருவர் தேவ்னார் என்பார். தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் எங்கள் சந்தில் இதுதான் பேச்சு.

என் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். பழைய கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவின் அடித்தட்டில் துணிகளுக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தார். கவரைப் பிரித்துக் காட்டினோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். நான் எழுந்து சாட்சி சொன்னேன். கர்த்தர் எங்களைக் கைவிடவில்லை, எங்கள் ஜெபத்தைக் கேட்டார், எங்களுக்கென்று ஒரு வீட்டை வைத்திருக்கிறார் என்று கண்ணீரோடு சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கு எதிரே, அதே பாயில், மேல் வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். அவரும் ஸ்தோத்திரம் சொன்னார்.

அடுத்து ஜெபிக்கும் முறை அவருடையது. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஆண்டவரே, கீழ் வீட்டு அம்மாவுக்கு முட்டு வலி ரொம்ப இருக்கு. ராத்திரி முனகுறது மேல வரைக்கும் கேக்குது. அவங்களைத் தொடும்." அவ்வளவுதான்.

என் மாமியார் ராத்திரியில் முனகுவது எனக்குப் பழகிப்போய், என் காதில் விழாமலே போயிருந்தது.

அன்று தூக்கம் வரவில்லை. நான் சொன்ன சாட்சியை அந்த அக்காவின் இடத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். கர்த்தர் எங்கள் ஜெபத்தைக் கேட்டார் என்றால், அக்காவின் ஜெபத்தைக் கேட்கவில்லையா? அவர் ஐந்து மணிக்கே எழுந்து முழங்காலில் நிற்பவர். ஏணிக்குக் கீழே படுத்திருக்கும் எனக்கு அது தெரியும்.

இங்கே குடிசை மறுவாழ்வுப் பட்டியல்களில் பெயருக்கு எதிரே மராத்தியில் 'பாத்ர' அல்லது 'அபாத்ர' என்று போடுவார்கள். தகுதி உண்டு, இல்லை. நம் வேதாகமத்திலும் அதே சொல் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. லூக்கா 7-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன் சாகக் கிடக்கிறான். யூதரின் மூப்பர்கள் இயேசுவிடம் வந்து, இந்தத் தயவு பெற அவன் பாத்திரன்தான் என்று சிபாரிசு செய்கிறார்கள். காரணமும் காட்டுகிறார்கள்: நம் ஜனத்தை நேசிக்கிறான், நமக்கு ஜெப ஆலயம் கட்டினான். காகிதமெல்லாம் சரியாக இருக்கிற மனிதன். ஆனால் அவன் சொல்லி அனுப்புவது, நீர் என் வீட்டுக்குள் வர "நான் பாத்திரன் அல்ல" என்று. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நம்பி, வீட்டிலேயே இருக்கிறான். அவன் கேட்பதும் தனக்காக இல்லை, படுத்துக் கிடக்கிற வேலைக்காரனுக்காக.

எத்தனை வருடமாக வாசித்த பகுதி! அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். வழக்கமாகச் சரளமாக வரும் வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, நான் பாத்திரவாளி அல்ல" என்பது மட்டும் வந்தது. பீரோவில் இருக்கிற கவர் மாமனார் சேர்த்து வைத்தது. அதை என் விசுவாசத்தின் பலன் என்று நான் சபையில் சொல்லியிருக்கக் கூடாது.

காலையில் ஏணி ஏறிப் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பிள்ளையின் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்குக் கெடச்சதுக்கு நானும் உண்மையாத்தான் ஸ்தோத்திரம் சொன்னேன், தங்கச்சி" என்றார். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயந்தான். அதையும் அவர்கிட்டதான சொல்லுதேன்." சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார்.

அக்காவின் வீட்டு விஷயம் இன்னும் எதுவும் முடிவாகவில்லை. போன வெள்ளிக்கிழமை கூட்டத்தை மேல் வீட்டில் வைத்தோம். ஒன்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மாமியாருக்கு இன்னும் முட்டு வலிதான், ஏற முடியவில்லை. கீழே ஏணியின் முதல் படியில் உட்கார்ந்து, மேலே யார் என்ன ஜெபித்தாலும் சத்தமாக ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்.