விறகடுப்பு புகைந்தால் முதலில் விறகைப் பாருங்கள்

அடுப்பு புகைந்தால் கை தானாக ஊதுகுழலைத் தேடும். ஆனால் கோளாறு பெரும்பாலும் விறகில்தான். வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது ஆவியாகித் தீரும்வரை தீயின் சூடு அதற்கே செலவாகும்; மரத்தின் வாயு முழுதாக எரியாமல் புகையாகக் கிளம்பும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, கூரை நிழலில் காற்றாட 6 மாதமாவது கிடக்க வேண்டும். முனையில் வெடிப்பு விட்டு, பட்டை தானே கழன்று, இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டங்' என்று கேட்டால் காய்ந்த விறகு. 'தொப்' என்றால் இன்னும் ஈரம்.

அடுப்புக்கு நேர் மேலே பரணில் விறகு காயவைப்பவர்கள் உண்டு. காயும்தான். ஒரு பொறி பறந்தால் கூரையும் சேர்ந்து போகும். 3 அடி தள்ளி வையுங்கள்.

அடுப்பு வாயை விறகால் அடைத்தால் தீக்கு மூச்சு முட்டும். இரண்டு மூன்று கட்டைகள், முனை மட்டும் உள்ளே. எரிய எரியத் தள்ளிக்கொடுக்கலாம். இரண்டு கண் உள்ள கொடியடுப்பில் இரண்டாம் கண்ணில் பாத்திரம் இல்லையென்றால் மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் புகைபோக்கியின் இழுப்பு குறைந்து, புகை அந்த ஓட்டை வழியாகவே சமையலறைக்குள் இறங்கும்.

புகைபோக்கிக் குழாய் கூரைக்கு மேல் குறைந்தது 2 அடி நிற்கட்டும். மாதம் ஒருமுறை கரி தட்டுங்கள். ஈரவிறகு எரியும் வீட்டில் கரி தார் மாதிரி குழாயில் ஒட்டி, ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும்.

பற்றவைக்கத் தேங்காய் நார், பாளை, சுள்ளி போதும். கங்கு மேல் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. சூட்டில் ஆவியாகிக் குப்பென்று முகத்தில் அடிக்கும். பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட்டின் புகை நஞ்சு. நைலான் சேலை, துப்பட்டாவோடு அடுப்படிக்குப் போகாதீர்கள். உருகித் தோலில் ஒட்டும்.

ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குக் கங்குச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. புகை தெரியாததால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆறியதாகத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு ஒரு நாள்கூட உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி, மறுநாள் தண்ணீர் தெளித்துக் கிளறிய பிறகே குப்பைக்குழிக்கு.

சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.