ஆண்டு விழா அன்றைக்கு லீவு போடச் சொன்னார்கள்

என் மகன் அரசு நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். ஆட்டிசம் உண்டு. பேச்சு குறைவு, ஆனால் பாட்டும் தாளமும் என்றால் உயிர். படிப்பு விஷயத்தில் பள்ளியின் மேல் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஆண்டு விழா, விளையாட்டு விழா என்று வந்துவிட்டால்தான் முதல் நாள் சாயங்காலம் போன் வரும்: "நாளைக்கு ஒரே கூட்டமா இருக்கும்மா. பையன் சிரமப்படுவான். வீட்டுலயே வெச்சுக்கங்க." அக்கறையாகத்தான் சொல்வார்கள். அதனாலேயே எனக்குப் பதில் சொல்ல வராது. போன வருடம் அவன் ஆண்டு விழா மேடையில் ஏறினான். அதற்காக நடந்த வேலைகளை மற்ற பெற்றோருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் காகிதம். எங்கள் வட்டார வள மையத்தில், அதாவது வட்டாரப் பள்ளிகளுக்கான கல்வித்துறை மையத்தில், மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும். எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என எல்லா மருத்துவர்களும் ஒரே இடத்துக்கு வருவார்கள். ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்று 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது, நம் நாட்டிலேயே உருவாக்கியது. கண்ணைப் பார்க்கிறானா, கூப்பிட்டால் திரும்புகிறானா, சத்தத்துக்கு எப்படி இருக்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். புது இடத்தில், வரிசையில் நின்று களைத்த பிள்ளையைப் பார்த்து மருத்துவருக்கு எல்லாம் தெரிந்துவிடாது. வீட்டில் அவன் இருக்கும் விதத்தை போனில் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து விவரம் கேட்டார். அப்புறம் மாற்றுத்திறனாளி சான்றிதழும், யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வந்தன. நிறைய சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்பதால், அட்டையில் உள்ள சதவீதத்தை உடனே சரிபார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்பில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் என்று கேட்கும்போதும் இந்தக் காகிதங்கள் தேவைப்படும்.

முகாம் நடப்பது எனக்கு எப்படித் தெரிந்தது? பள்ளியிலிருந்து இல்லை. சுற்றறிக்கை தலைமையாசிரியர் மேசை வரை வந்து ஃபைலுக்குள் போய்விடுகிறது. எங்களுக்குச் செய்தி கொண்டு வருவது ஓர் அம்மா. மூளை முடக்குவாதம் உள்ள தன் மகளை இயன்முறைப் பயிற்சிக்காக வள மையத்துக்குத் தூக்கிக்கொண்டு வருபவர். அங்கே நோட்டீஸ் போர்டில் எது ஒட்டியிருந்தாலும் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். படிக்கத் தெரியாத பெற்றோரும் குழுவில் இருப்பதால் கூடவே குரலிலும் சொல்வார்: "நாளைக்கு இல்லைங்க, வர்ற புதன்கிழமை. ஆதாரும் ரெண்டு போட்டோவும் மறந்துடாதீங்க." முகாம், உபகரணம் வழங்கும் நாள், டிசம்பர் 3 விளையாட்டு எல்லாமே எங்களுக்கு அவர் குரலில்தான் வந்து சேர்கிறது. இந்த வேலையைப் பள்ளிகள் செய்ய வேண்டும் என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். அன்று எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுப்பார்கள். பந்தை வாளிக்குள் போடும் போட்டியில் என் மகன் விட்டு நகரவே மாட்டேன் என்று நின்றான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை. தனி விழா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதைக் காட்டி, பள்ளி விழாவில் இவர்களுக்கு இடம் இல்லாமல் செய்யக்கூடாது.

அன்றைக்கு இதைச் சிறப்பாசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வருபவர். "லீவு போடாதீங்கக்கா. எழுதிக் குடுங்க. சட்டத்துல படிப்போட விளையாட்டும் பொழுதுபோக்கும் சேர்த்துதான் போட்டிருக்கு" என்றார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 16. மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் வாய்ப்பு, பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதி, இரண்டும் அதில் இருக்கின்றன. அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது.

கடிதத்தில் சட்டத்துக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்தேன். மீதி முழுக்க அவனுக்கு என்ன வேண்டும் என்பது. நிகழ்ச்சி வரிசையில் முதல் இரண்டுக்குள் அவன் வகுப்பு வர வேண்டும், ஏனென்றால் காத்திருப்பதுதான் அவனுக்குப் பெரிய கஷ்டம். ஸ்பீக்கர் பெட்டி இல்லாத பக்கத்தில் உட்கார இடம். காதை மூடும் ஹெட்போன் போட அனுமதி. விழாவுக்கு முன்னால் அதே மேடையில், மைக்கோடு ஒத்திகை. கழுத்தில் ஜரிகை உரசாத சட்டை. முடியாவிட்டால் போய் உட்கார ஒரு காலி வகுப்பறை. "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதினால் என்ன செய்வது என்று பள்ளிக்கும் தெரியாது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

"ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு?" என்றுதான் தலைமையாசிரியர் முதலில் கேட்டார். விஷயம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போனது. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். ஒருவர், "டான்ஸ் கெட்டுப்போயிடுமே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. பதில் சொன்னது நான் இல்லை, வகுப்பாசிரியை. "கோலாட்டம் போடலாம் சார். தாளம் மாறாது, அவனுக்கு அது நல்லா வரும்" என்றார். அந்த வார்த்தைக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஒத்திகையில் கோல் மோதும் சத்தம் அவனுக்கு ஆகவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். மறுநாள் ஆசிரியை பழைய காட்டன் புடவையைக் கிழித்து, எல்லாப் பிள்ளைகளின் கோல் நுனியிலும் சுற்றி நூலால் கட்டிவிட்டார். அவன் கோலுக்கு மட்டும் இல்லை, எல்லாருடையதற்கும். 'டக்' என்பது 'தொப்' என்று அடங்கியது. ஜோடி, அவன் பெஞ்சிலேயே உட்காரும் சிறுமி. திரும்ப வேண்டிய இடத்தில் அவன் தோளை லேசாகத் தொடுவாள், திரும்பிவிடுவான். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் நான் படங்களை வரிசையாக ஒட்டிவைத்தேன்: பள்ளி வாசல், வகுப்பு, மேடை, கைதட்டும் கூட்டம், கடைசியில் அம்மா. தினமும் இரவு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவான்.

விழா அன்று இரண்டாவது நிகழ்ச்சி. பாதிப் பாட்டு வரை ஆடினான், தாளம் தப்பவில்லை. அப்புறம் கோலைக் கீழே வைத்துவிட்டு மேடை ஓரத்துக்கு நடந்தான். ஆசிரியை கையைப் பிடித்து அங்கேயே உட்காரவைத்தார். அந்தச் சிறுமி காற்றில் கோலைத் தட்டி ஆட்டத்தை முடித்தாள். எதுவும் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போகும் என்று சொன்ன அதே அப்பா வந்து, "நல்லா ஆடினான்மா" என்றார்.

விளையாட்டு விழாவுக்கு இந்த அளவு அலைச்சல் இல்லை. விசிலுக்குப் பதிலாகக் கொடி அசைத்து ஓட்டத்தைத் தொடங்கினார்கள், அதுவே போதுமாக இருந்தது. எங்கள் குழுவில் இன்னும் சிலர் தங்கள் பள்ளிகளில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஒருத்திக்காக, மேடைக்குப் பலகை போட்டுச் சாய்தளம் கேட்டிருக்கிறார் அவள் அப்பா. பள்ளி மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், அதற்கு மேல் மாநில ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் கல்விச் சுற்றுலா இருக்கிறது. நான் கூட வருகிறேன், ஜன்னலோர சீட்டு வேண்டும், சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுவருகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.