ஜான் லாங் என்கிற மருத்துவ மாணவர்

'ஜுராசிக் பார்க்' நாவலை இரண்டு முறை வாசித்திருக்கிறேன் என்ற தெம்பில், அதை எழுதிய மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்த நாட்களில் எழுதத் தொடங்கிய மர்ம நாவல்களைச் சென்ற மாதம் கையில் எடுத்தேன். படிப்புச் செலவுக்காக எழுதத் தொடங்கி, 1966 முதல் 1972 வரை 'ஜான் லாங்' என்ற புனைபெயரில் எட்டு நாவல்களை அவர் வெளியிட்டார். ஜெர்மன் மொழியில் 'லாங்' என்பது நெட்டையனைக் குறிக்கும். ஆறடி ஒன்பது அங்குல மனிதர் தமக்கே சூட்டிக்கொண்ட கேலிப்பெயர். மர்மக் கதைகளுக்கான எட்கர் விருது பெற்ற 'எ கேஸ் ஆஃப் நீட்' (1968) நாவலுக்கோ, பழைய ஆங்கில அரசவையில் இருந்த குள்ளர் ஒருவரின் பெயரைச் சூடிக்கொண்டார்.

லாங் நாவல்களில் அவசரம் அப்பட்டமாகத் தெரிகிறது. சிலவற்றில் நாயகன் வழக்கறிஞராகவோ மருத்துவராகவோ இருப்பான். வெயிலடிக்கும் ஏதோவொரு கடற்கரைக்குப் போய் வேண்டாத வம்பில் மாட்டிக்கொள்வான். பெண்கள் அழகாக இருப்பதைத் தவிர வேறு வேலையின்றி வந்துபோகிறார்கள். 'ஸ்க்ராட்ச் ஒன்' நாவலில் ஆள்மாறாட்டத்தை நம்பியே கதை நகர்கிறது. பாதியிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

ஆனால் முதல் நாவலான 'ஆட்ஸ் ஆன்' என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஸ்பெயினின் கோஸ்டா பிராவா கடற்கரையில் உள்ள ஒரு சொகுசு விடுதியைக் கொள்ளையடிக்க மூன்று பேர் கணினியின் உதவியோடு திட்டமிடுகிறார்கள். 1966இல், இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன், எல்லாச் சாத்தியங்களையும் கணக்கிட்டு வைத்த திட்டத்தை மனிதர்களின் கோணல் புத்தி எப்படிக் குலைக்கும் என்று யோசித்திருக்கிறான். டைனோசர் வேலிகளைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் கதைக்கு இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் இருந்தன. 'டிரக் ஆஃப் சாய்ஸ்' (1970) நாவலில் வரும் உல்லாசத் தீவும் அப்படித்தான்: காசு கொடுத்து வருகிறவர்களுக்கு இன்பத்தை உற்பத்தி செய்து தரும் ஒரு நிறுவனம், அதற்குள் ஒளிந்திருக்கும் மோசடி. மூன்றே ஆண்டுகளில் அவர் எழுதி இயக்கிய, எந்திர மனிதர்கள் உலவும் கேளிக்கைப் பூங்காவின் கதையான 'வெஸ்ட்வேர்ல்ட்' படத்தின் விதை அதில் கிடக்கிறது என்றே நினைக்கிறேன்.

பிற்கால நாவல்களில் அறிவியல் விளக்கங்கள் கதையோடு கரைந்துவிடுவதால் அவற்றைத் தனியே பிரித்துப் பார்க்க முடிவதில்லை. இங்கே தையல் வெளியே தெரிகிறது. ஆகவே சட்டை எப்படித் தைக்கப்படுகிறது என்பதும் தெரிகிறது. எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு நான் இந்தச் சுமாரான புத்தகங்களைத்தான் முதலில் கொடுப்பேன்.

'ஜீரோ கூல்' என்ற இன்னொரு லாங் நாவலை 2008 மறுபதிப்புக்காகக் கிரைட்டனே மீண்டும் தொட்டுத் திருத்தினார். அந்த ஆண்டு நவம்பரில் இறந்தும் போனார். அவர் திருத்தாத பழைய பிரதியைத்தான் நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.