ஜீப் தடத்துக்கு ஏற்ற விளக்கு

தாண்டிக்குடிக்கு மேலே எங்கள் காபித் தோட்டத்துக்குப் போகும் ஜீப் தடம் மூன்றரைக் கிலோமீட்டர் நீளம். தார் கிடையாது. மழைக்காலத்தில் சக்கரங்கள் அறுத்துவிட்டுப் போன இரண்டு பள்ளங்களும், அவற்றுக்கு நடுவே புல் முளைத்த மேடும், குறுக்கே ஓடும் பலா வேர்களும்தான் பாதை. நவம்பரில் தொடங்கும் பழப் பறிப்பு ஜனவரி வரை நீள்கிறது. பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் கொடுத்துத் தோல் நீக்கிவிட வேண்டும், மறுநாளைக்கு விட்டால் குவியலிலேயே சூடேறிப் புளித்துக் கொட்டையின் மணத்தைக் கெடுத்துவிடும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிற மலைச்சரிவில், பல்பரைக் கழுவிவிட்டு நான் கிளம்பும்போது எட்டு மணி ஆகிவிடும். ஆகவே இரவில் அந்தத் தடத்தில் வண்டி ஓட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல, வேலையின் ஒரு பகுதி.

என் வண்டி, பழையதாக வாங்கிய 150 சிசி மண்பாதை பைக். உயரமான சஸ்பென்ஷன், நீளமான முன் ஃபோர்க், 35 வாட் ஹாலஜன் ஹெட்லைட். பழைய சிறு வண்டிகள் பலவற்றைப் போலவே இதிலும் ஹெட்லைட்டுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. இன்ஜினோடு சுற்றும் காயிலிலிருந்து மாறுதிசை மின்னோட்டமாக நேரே வருகிறது. இன்ஜின் வேகமாக ஓடினால் விளக்கும் பளிச்சென்று எரியும், வேகம் குறைந்தால் அதுவும் மங்கிவிடும். கற்கள் நிறைந்த ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போதுதான் வெளிச்சம் அதிகம் தேவைப்படுகிறது, அப்போதுதான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது. இதற்காகவே தனியாக எல்இடி விளக்குகள் பொருத்தலாம் என்று முடிவு செய்தேன். எல்இடியின் பெரிய அனுகூலம் அதன் சிக்கனம்: ஹாலஜன் வாட் ஒன்றுக்குச் சுமார் 20 லுமென் ஒளி தருகிற இடத்தில், மலிவான எல்இடி கூட 80 முதல் 100 லுமென் வரை தருகிறது.

முதலில் நான் வாங்கியது தவறான விளக்கு. கூர்மையான ஒளிக்கற்றை நெடுந்தூரம் பாயும் வகையில் இரண்டை வாங்கி, ஹேண்டில்பாரின் மேல் கண்ணுக்கு நேராகப் பொருத்தினேன். முதல் இரவே வெள்ளிஓக் மரங்களின் உச்சிவரை பகல் போலத் தெரிந்தது. ஆனால் முன்சக்கரம் எந்தப் பள்ளத்தில் இறங்கப் போகிறது என்பது தெரியவில்லை. தடம் முழுவதும் வெள்ளையடித்த சுவரைப் போலத் தட்டையாக இருந்தது. இரண்டாம் வளைவில் முழங்கால் ஆழப் பள்ளத்தை வெறும் ஈரத்தடம் என்று எண்ணி இறக்கிவிட்டு, வண்டியைத் தூக்கி நிறுத்த அரை மணி நேரம் ஆயிற்று.

மறுநாள், முப்பது ஆண்டுகளாக இந்த மலையில் தோட்ட ஜீப் ஓட்டும் பெரியவர் ஒருவர் அந்தப் பொருத்தத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, லைட்டு கண்ணுக்குப் பக்கத்துல இருந்தா பள்ளம் தெரியாது. கீழ இறக்கு. நிழல் விழணும், நிழலப் பாத்துத்தான் ஓட்டணும்" என்றார். நான் எங்கும் படித்திராத பாடம் அது. கண்ணும் விளக்கும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தால், ஒரு கல் உண்டாக்கும் நிழல் அந்தக் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துபோகிறது. மேடும் பள்ளமும் ஒரே நிறமாகத் தெரிகின்றன. விளக்கு கண்ணைவிட நன்றாகக் கீழே இருந்தால், ஒவ்வொரு கல்லும் தன் பின்னே ஒரு கருங்கோட்டை இழுக்கிறது, ஒவ்வொரு பள்ளத்தின் முன்விளிம்பும் கறுத்துத் தெரிகிறது, கண் அந்தக் கறுப்பைப் பிடித்துக்கொண்டு ஆழத்தைக் கணித்துவிடுகிறது. தலைக்கவசத்தில் மாட்டும் விளக்கு ஜீப் தடத்துக்கு ஏன் உதவுவதில்லை என்பதும் அப்போது விளங்கியது.

எனவே விளக்குகளை ஹெட்லைட்டுக்குக் கீழே, ஃபோர்க்கின் மேற்குழாய்களில், தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் ரப்பர் வைத்த கிளாம்ப்களால் மாட்டினேன். இன்னும் கீழே, சக்கரத்தோடு ஏறி இறங்கும் ஃபோர்க் அடிப்பகுதியில் மாட்டக் கூடாது. அங்கே ஒவ்வொரு அடியும் ஸ்பிரிங்கைத் தாண்டாமல் நேராக விளக்கில் விழும். கிராஷ் கார்டில் மாட்டுவோர் பலர் உண்டு. அது நெடுஞ்சாலைக்குப் பொருந்தலாம். கொண்டை ஊசி வளைவுகளும் குறுகிய தடங்களும் உள்ள மலையில், ஹேண்டிலோடு திரும்பாத விளக்கு வளைவின் வெளிப்புறத்துச் சரிவைக் காட்டிக்கொண்டிருக்கும். நாம் போகவேண்டிய உட்புறம் இருட்டாகவே கிடக்கும். கூர்மையான கற்றை தரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அகலமாகப் பரப்பும் வகையை மாற்றிக்கொண்டேன். ஜீப் தடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் நான் போவதில்லை. அது நொடிக்கு ஐந்தரை மீட்டர். பதினைந்து இருபது மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிந்தால் போதும், ஆனால் அந்தப் பதினைந்து மீட்டரும் தடத்தின் இரு ஓரங்களும் சேர்த்துத் தெரிய வேண்டும்.

சாய்வைச் சரிசெய்வதற்கு ஒரு சுவர் போதும். வண்டியைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, வழக்கமாக ஓட்டுபவர் மேலே உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஆளில்லாமல் சரிசெய்தால் உட்கார்ந்ததும் பின்புறம் அமுங்கி ஒளி மேலே தூக்கிக்கொள்ளும். விளக்கின் உயரத்தைச் சுவரில் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு, ஒளியின் நடுப்பகுதி அந்தக் குறிக்கு ஒரு சாண் கீழே விழுமாறு திருகாணியை இறுக்கினேன். முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து இந்தச் சாய்வில் வரும் ஒளி சுமார் பதினாறு மீட்டர் தொலைவில் தரையைத் தொடுகிறது.

பெரும்பாறை, தடியன்குடிசைப் பக்கம் போய்வருவோருக்கு மேகம் இறங்குவது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து நிமிடத்தில் கைதூரம் கூடத் தெரியாமல் போகும். மஞ்சள் விளக்கு மூடுபனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் மஞ்சளும் வெள்ளையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறுகின்றன. மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்கு உறுத்தல் குறைவாக இருப்பது உண்மை, நானும் அதையே விரும்புகிறேன். ஆனால் பனியில் உதவுவது நிறத்தைவிட விளக்கின் தாழ்ந்த உயரமும், மேல்நோக்கிச் சிதறாத ஒளியும்தான். மேகத்துக்குள் நுழைந்ததும் ஹெட்லைட்டைப் பிரைட்டிலிருந்து டிம்முக்கு மாற்றிவிட்டுக் கீழ்விளக்குகளை மட்டும் நம்பி ஓட்டிப் பாருங்கள்; கண்ணுக்கு முன்னே நிற்கும் வெள்ளைத் திரை விலகி, தடத்தின் விளிம்பு தெரியத் தொடங்கும்.

மின்சாரக் கணக்கைப் பார்க்காமல் விளக்கு வாங்கவே கூடாது. என் விளக்குகளின் பெட்டியில் ஒவ்வொன்றும் 60 வாட் என்று அச்சிட்டிருந்தது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, ஒயரின் நடுவே தொடராக இணைத்துப் பார்த்தபோது ஒரு விளக்கு இழுத்தது 1.3 ஆம்பியர்; 12.6 வோல்ட்டால் பெருக்கினால் பதினாறு வாட் சொச்சம். இதில் நான் வருத்தப்படவில்லை, ஏனென்றால் உண்மையிலேயே இரண்டும் சேர்ந்து 120 வாட் இழுத்திருந்தால் இந்தச் சிறிய வண்டியின் பேட்டரி ஒரே இரவில் படுத்திருக்கும். மலிவான விளக்கு வாங்குவோர் பெட்டியின் எழுத்தை நம்பாமல் அளந்து பார்ப்பது இதனால்தான் அவசியம். இண்டிகேட்டரின் 10 வாட் பல்புகளை எல்இடியாக மாற்றினால் பேட்டரிமீதுள்ள சுமை இன்னும் கொஞ்சம் குறையும்.

அடுத்து, வண்டி அந்தச் சுமையைத் தாங்குகிறதா என்பதையும் அதே மீட்டரே சொல்லிவிடும். இன்ஜின் அணைந்திருக்கும்போது என் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. எல்லா விளக்கையும் எரியவிட்டு ஐட்லிங்கில் வைத்தபோது 12.4-க்கு இறங்கியது, வேகத்தை உயர்த்தியதும் 13.6-க்கு ஏறியது. ஓட்டும் வேகத்திலும் 13-க்கு மேல் ஏறவில்லையென்றால் பேட்டரி நிரம்பவில்லை, கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஒரு விளக்கைக் கழற்றிவிடுவதே நல்லது.

ஒயரிங்கில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். சாவியை அணைத்தால் விளக்கும் அணைய வேண்டும் என்பதற்காக, ரிலேயை (சிறு மின்சாரத்தால் இயங்கி, விளக்குக்கான பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்சை) இயக்கும் மின்சாரத்தைப் பின்விளக்கு ஒயரிலிருந்து எடுத்தேன். ஸ்விட்சைப் போட்டதும் ரிலே வண்டு போல ரீங்காரமிட்டது, விளக்குகள் நடுங்கின. என் வண்டியில் பின்விளக்கும் ஹெட்லைட்டோடு சேர்ந்து காயிலிலிருந்தே எரிகிறது. மாறுதிசை மின்னோட்டத்தில் ரிலே நொடிக்குப் பல தடவை ஒட்டி ஒட்டி விடுபட்டிருக்கிறது. ஹாரனுக்குப் போகும் ஒயருக்கு மாற்றியதும் சத்தம் அடங்கிவிட்டது. ரிலேயின் கால்களில் எண்கள் பொறித்திருக்கும்: 30-க்கு பேட்டரியின் பாசிட்டிவ், 87-லிருந்து விளக்கு, 86-க்கு ஸ்விட்ச் வழியாக ஹாரன் ஒயர், 85-க்கு எர்த். இரண்டு விளக்கும் சேர்ந்து 2.6 ஆம்பியர்தான் இழுப்பதால் 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் எதுவும் இல்லை.

அந்தக் காவல் எனக்கு ஒருமுறை பயன்பட்டது. ஹேண்டிலை இடதும் வலதும் முழுமையாகத் திருப்பிப் பார்க்காமல் ஒயரைக் கட்டியிருந்தேன். இரண்டு மாதங்களில் ஒயரின் மேலுறை ஸ்டீயரிங் கழுத்தில் உரசித் தேய்ந்து, செம்பு வெளியே வந்து சட்டத்தைத் தொட்டது. அடுத்த நொடி ஃபியூஸ் போய் விளக்குகள் அணைந்தன. ஃபியூஸ் இல்லாதிருந்தால் எரிந்திருப்பது டேங்குக்கு அடியில் உள்ள ஒயர்க்கட்டு. இப்போது அந்த இடத்தில் ரப்பர் குழாய்க்குள் ஒயரை விட்டு, திரும்புவதற்குத் தாராளமாகத் தளர்வும் வைத்திருக்கிறேன். நட்டுகள் எல்லாம் நைலாக், அதாவது அதிர்வில் கழலாதிருக்க உள்ளே நைலான் வளையம் வைத்தவை.

ஓடையைக் கடப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஐபி 67 என்று எழுதிய விளக்கு ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டும். ஆனால் ஒரு மணி நேரம் எரிந்து சூடான விளக்கு திடீரெனக் குளிர்ந்த ஓடைநீரில் நனையும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலில் உள்ள மயிரிழை இடைவெளி வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணாடியின் ஓரம் முழுவதும் சிலிக்கான் பூசிக் காயவிட்ட பிறகு எனக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒயர் விளக்குக்குள் நுழையும் முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறுமாறு விட்டால், மழைநீர் ஒயரின் வழியே உள்ளே போகாமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

விளக்குகள், ரிலே, ஃபியூஸ் தாங்கி, ஸ்விட்ச், ஒயர், கிளாம்ப் எல்லாம் சேர்த்து மதுரையில் வாங்கியபோது எனக்கு 1,900 ரூபாய்க்குள் முடிந்தது.

இந்த மலையில் வெளிச்சத்தை அணைக்கத் தெரிந்திருப்பதும் முக்கியம். சென்ற டிசம்பரில் மிளகுக்கொடி படர்ந்த முருக்க மரத்தடியில் இரண்டு காட்டுமாடுகள் தடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. முழு வெளிச்சத்தில் அவற்றின் கண்கள் பச்சையாக எரிந்தன, அவை அசையவில்லை. கண்கூசும் விலங்குக்கு எந்தப் பக்கம் விலகுவது என்று தெரியாது, அந்த நேரத்தில் அது பாயவும் கூடும். நாற்பது அடி தள்ளியே நின்று, புது விளக்குகளை அணைத்து, ஹெட்லைட்டை டிம்முக்கு மாற்றி, இன்ஜினை மட்டும் ஓடவிட்டுக் காத்திருந்தேன். மூன்று நான்கு நிமிடங்களில் பெரியது மூக்கால் ஒருமுறை சீறிவிட்டுக் காபிச் செடிகளுக்குள் இறங்கியது, மற்றதும் பின்னாலேயே போயிற்று. தனி ஸ்விட்ச் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

தார்ச்சாலையில் இந்த விளக்குகளுக்கு வேலையில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் கடைசிப் பேருந்தின் ஓட்டுநர் ஒரு வளைவில் கண்கூசி நிற்பது நாற்பது பேரின் உயிர் சம்பந்தப்பட்டது. தடம் தார்ச்சாலையில் சேரும் இடத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்விட்சை அணைத்து, பழைய காபிச் சாக்கில் வெட்டித் தைத்த இரண்டு உறைகளை விளக்குகளின்மேல் மாட்டி நாடாவை இழுத்துக் கட்டிய பிறகே ஊருக்குள் போகிறேன்.