விறைப்பான கைகள்

படையிலிருந்து விடைபெற்று நடிப்புப் பயிற்சிக்குப் போன முதல் நாள், கைகளை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. பதினொரு ஆண்டுகள் துப்பாக்கியைப் பிடித்தோ, உடலோடு ஒட்டி விறைத்தோ இருந்த கைகள் அவை. "அழுங்கள்" என்றார் ஆசிரியர். முகத்தில் எதையும் காட்டாதிருக்கப் பழகியவனுக்கு அதைவிடக் கடினமான உத்தரவு கிடையாது. அழுவதற்கு மூன்று மாதங்கள் ஆயின.

பிறகு சிறு வேடங்கள். ஒத்திகைகளில் பலர் துப்பாக்கி விசையில் விரலை வைத்தபடியே நடப்பார்கள். சுடும் கணம்வரை விரல் வெளியேதான் இருக்க வேண்டும். குண்டில்லாத வெற்றுத் தோட்டாவும் மிக அருகில் ஆளைக் கொல்லும். 1984இல் நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் அப்படித்தான் இறந்தார். இந்த ஒரு விஷயத்தில் யாரிடமும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காட்சிகளுக்கு இடையே காத்திருந்த நேரத்தில்தான் எழுதத் தொடங்கினேன். காத்திருப்பது எனக்குப் புதிதல்ல. இரவுக் காவல் என்பதே அதுதான். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரை மணி நேரமாவது ஆகும். ஒரே ஒரு தீக்குச்சி போதும், அவ்வளவும் வீணாகிவிடும். தொலைவில் தெரியும் மங்கலான உருவத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று ஓரமாக நகர்த்தினால் மீண்டும் தெரியும்.

என் முதல் மர்ம நாவலின் தொடக்கம் இதுவே: காவலில் நிற்பவன் ஓரக்கண்ணால் ஓர் உருவத்தைப் பார்க்கிறான். பின்னாலிருந்து யாரோ தீக்குச்சியைக் கிழிக்கிறார்கள். அவனுடைய நண்பன்தான்.

அந்தப் பக்கத்தை ஒன்பது முறை திருத்தி எழுதினேன்.