படியில் விழுந்த வெள்ளை வட்டம்

2024 மார்ச். பெங்களூரு தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்த சமயம். சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன். "தம்பி, குளோரின் போட்டதும் நீச்சல் குளம் டிகாஷன் மாதிரி ஆயிடுச்சு. கொஞ்சம் வந்து பாருங்க." அந்த அம்மா மதுரைக்காரர்.

நான் போனபோது தண்ணீர் தெளிந்திருந்தது. ஆனால் படிகளிலும் தரையிலும் துருநிறத்தில் கறை. வெயிலில் மட்டம் இறங்கியதால் போர்வெல் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். அடியிலிருந்து வரும்போது இரும்பு கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருவாகிப் படிந்துவிடும்.

எனக்கு முன்னால் வந்தவர், குளத்தைக் காலி செய்து ஆசிட் விட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் மனசு பதறியது. நீச்சல் குளத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அந்த மாதம்தான் அறிவித்திருந்தது. சரி, மறுபடி போர்வெல்லை விட்டால் அதே இரும்பு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் நானும் ஆசிட்தான் விட்டேன். பூச்சு சொரசொரத்துப் போனது, கறை திரும்பி வந்தது. அந்த வீட்டுக்காரர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

"வீட்ல விட்டமின் சி மாத்திரை இருக்காம்மா?"

முழங்கால் தண்ணீரில் நின்று, இரண்டாவது படியில் மாத்திரையை அழுத்திப் பிடித்தேன். அரை நிமிடம் கழித்துக் கையை எடுத்தால், நாணயம் அளவுக்கு வெள்ளை வட்டம். "இதைச் சளிக்குத்தானே சாப்பிடுவோம்!" என்றார் அந்த அம்மா. கறை இரும்புதான் என்று உறுதியானது. செம்பாக இருந்தால் கறை பச்சையும் நீலமுமாகத் தெரியும், இவ்வளவு சுலபத்தில் விடாது.

குளம் 40,000 லிட்டர். குளோரினும் விட்டமின் சியும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால், குளோரின் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருந்தோம். தண்ணீரின் அமில-கார அளவான பிஎச்சை 7.2க்குக் கொண்டுவந்து, அரை கிலோ அஸ்கார்பிக் ஆசிட் (அதாவது விட்டமின் சி) தூளைச் சுற்றிலும் தூவி பம்பை ஓடவிட்டேன். சாயங்காலத்துக்குள் படிகள் வெளுத்துவிட்டன.

வேலை முடிந்ததென்று பலரும் கிளம்புவது இந்த இடத்தில்தான். கறை போனதே தவிர இரும்பு போகவில்லை, திரும்பத் தண்ணீரில் கரைந்திருக்கிறது. அதைப் பிடித்து வைக்கும் மருந்தை உடனே ஊற்ற வேண்டும். அப்புறம் குளோரினை நாளுக்குக் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் பழையபடி டிகாஷன்தான். பிஎச்சை நிலையாகப் பிடித்து வைக்கும் அல்கலினிட்டி 60க்கு இறங்கியிருந்தது. சமையல் சோடா போட்டு 100க்கு ஏற்றியதும் பிஎச் 7.4இல் நிலைத்தது.

"நாளைக்குக் குளிக்கலாமா அங்கிள்?" என்று பேரப்பிள்ளைகள் தினமும் கேட்டார்கள். குளோரின் சரியான அளவுக்கு வரும்வரை, பத்து நாள், நான் விடவில்லை.

ஜூனில் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். மட்டம் குறைகிறதாம், போர்வெல்லைத் திறக்கலாமா என்று கேட்டார்.

"மழைத்தண்ணி தொட்டி நிறைஞ்சிருக்குமேம்மா, அதிலேருந்து விடுங்க. அதில இரும்பு இருக்காது."